கம்பளிச் சந்தையும் பட்டாணித் தோட்டமும்

ஒரு மடம், அதன் புறத்தே ஒரு தோட்டம், அத்தோட்டத்திற் பட்டாணி விதைகளை எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு துறவி. பிறப்புரிமையியலின் தோற்றத்தைப் பாடநூல்கள் இவ்வாறுதான் வருணிக்கின்றன. கிறெகர் மெண்டெல் உலகை மறந்திருந்தார், உலகமும் அவரை மறந்திருந்தது என்று ஆண்டுதோறும் வகுப்பறையில் நாமும் ஒப்பித்து வருகின்றோம். அத்தோட்டத்து மதிலுக்கு வெளியே என்ன நடந்தது என்று கேட்கும் மாணவன் அரியன். விடை கூறும் ஆசிரியன் அவனினும் அரியன்.

மதிலுக்கு வெளியே கம்பளி ஆலைகள் இருந்தன. மெண்டெல் வாழ்ந்த பேர்ணோ, ஹப்ஸ்பேர்க் பேரரசைச் சேர்ந்த மொறாவியாவின் தலைநகர். நெசவாலைகள் பெருகியமையால் 'மொறாவியாவின் மான்செஸ்ரர்' எனப் பெயர்பெற்ற ஊர். அவ்வாலைகளுக்கு வேண்டியது மெல்லிய, வெண்ணிறமான, ஒருசீரான இழை.

அத்தகைய இழை செம்மறிக்கு இயற்கை அளித்த கொடையன்று. காட்டுச் செம்மறியின் உடலை மூடியிருப்பது முரட்டு மயிர். மென்மயிர் அதன் அடியில் மறைந்திருப்பது. பல்லாயிரம் ஆண்டுகளாக இடையர்கள் தெரிந்தெடுத்து வளர்த்தமையால் முன்னது அருகிப் பின்னது பெருகிற்று. இத்தெரிவின் உச்சமே ஸ்பானிய மெரினோ. தோலில் முதலில் தோன்றும் மயிர்க்கால் ஒவ்வொன்றையும் சூழ்ந்து துணை மயிர்க்கால்கள் தோன்றும். அவை முரட்டுமயிர் இனங்களில் ஐந்தாறளவில் இருக்க, மெரினோவில் 20 அளவில் நெருங்கி நிற்கின்றன. மனிதரின் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்கிரோன் தடிப்புடையதாயின், மெரினோவின் இழை 20 மைக்கிரோனை அண்டியதே.

ஸ்பானிய அரசு இவ்வாடுகளை எல்லை கடக்கவிடாது நெடுங்காலம் காத்தது. 1765இல் சக்சனிக்கும் 1786இல் பிரான்சின் றம்புயேக்கும், அரசர்கள் ஒருவருக்கொருவர் காட்டிய தயவினால் மந்தைகள் சென்றன. ஸ்பானிய மண்ணும் காற்றும் புல்லுமே அம்மென்மையைத் தருவன, பிறநாட்டில் அவ்வினம் சீரழியும் என்பது அக்காலத்துப் பரவலான நம்பிக்கை. சக்சனியின் குளிரிற் பிறந்த குட்டிகள் அதனைப் பொய்யாக்கின. சூழலுக்குப் பங்கேயில்லை என்று நாம் கூறவில்லை. அரைப்பட்டினி கிடந்த ஆட்டின் இழையும் மெலியும், இழுத்தால் அறும். ஆனால் அதன் குட்டி வயிறார மேய்ந்தால் அக்குட்டியின் இழை தன் இனத்துக்குரிய தடிப்பையே பெறும். பட்டினி தந்த மென்மை அவ்வாட்டோடு போய்விடும். பிறப்பில் வந்த மென்மை மந்தையில் நிலைக்கும். இவ்விரண்டையும் பிரித்தறிவது, கிடாவுக்குப் பெரும்பணம் கொடுத்த பண்ணையாருக்கு இலாபநட்டக் கேள்வியாயிற்று.

1814இல் பேர்ணோவில் செம்மறி வளர்ப்போர் சங்கமொன்று அமைந்தது. 1819இல் ஹங்கேரியப் பிரபுவான இம்ரே பெஸ்டெடிக்ஸ், நெருங்கிய உறவுக் கலப்பாலும் கடுமையான தெரிவாலும் தம் மந்தையிற் கண்டவற்றை 'இயற்கையின் பிறப்புரிமை விதிகள்' என்ற தலைப்பில் எழுதினார். பெற்றோரிடத்துக் காணப்படாத குணங்கள் பாட்டன் பாட்டியரிடமிருந்து பேரப்பிள்ளைகளில் மீளத் தோன்றலாம் என்பது அவற்றுள் ஒன்று. வெள்ளை ஆட்டுக்கும் வெள்ளைக் கிடாவுக்கும் கருங்குட்டி பிறக்கக் கண்ட எந்த இடையனுக்கும் இது புதிதன்று. அதனை விதியாகக் கூறத் துணிந்ததே புதிது. செம்மறியின் வெண்மை ஆட்சியுடைய இயல்பு என்பதும், ஒரு பரம்பரையலகு மிகைப்படியாக அமைந்ததால் அது விளைகின்றது என்பதும் இன்று தெரிந்தவை. இழையின் மென்மையோ பல பரம்பரையலகுகள் கூடித் தரும் விளைவு. ஆகவே ஆட்டுமந்தையில் அவ்விதியை எண்ணிக் காண எவராலும் இயலவில்லை. எண்ணத்தக்க தெளிவான வேறுபாடுகள் பட்டாணியில் இருந்தன.

மெண்டெலின் மடாதிபதி சிரில் நாப், ஆடு வளர்ப்போரின் கூட்டங்களிற் பங்குகொண்டவர். மடத்துக்கும் பண்ணைகள் இருந்தன. எது கடத்தப்படுகின்றது, எவ்வாறு கடத்தப்படுகின்றது என்பதே நம் முன்னுள்ள கேள்வி என 1837இல் அவர் உரைத்தார். அம்மடத்தில் 1843இற் சேர்ந்த மெண்டெல் ஒரு குடியானவரின் மகன். வாரத்தில் மூன்று நாட்கள் பிரபுவின் நிலத்தில் கூலியின்றி உழைக்கக் கடமைப்பட்டிருந்தவர் அவருடைய தந்தை. அக்கட்டாய உழைப்பு 1848இன் புரட்சியோடுதான் ஒழிந்தது. 1856 முதல் 1863 வரை பட்டாணியை ஆராய்ந்த மெண்டெல், 1865இல் இரு மாலைகளில் தம் முடிவுகளை அந்நகரிலேயே வாசித்தார். அவர் விடை தேடியது, ஆட்டுப்பட்டியிலிருந்து எழுந்த கேள்விக்கே.

நம்மவர் செய்த பிழையையும் இங்கே மறைப்பதற்கில்லை. 1948 ஆகஸ்டில் மொஸ்கோவிற் கூடிய வேளாண்மை விஞ்ஞானக் கழகத்தில், மெண்டெலின் வழிவந்த இயலைக் கருத்துமுதல்வாதம் என்றும் முதலாளித்துவச் சரக்கு என்றும் இகழ்ந்து லிசெங்கோ வெற்றிகொண்டார். அதனைப் போற்றிய வவிலோவ் 1943இலேயே சரத்தோவ் சிறையில் உயிர்விட்டிருந்தார். வளரும் சூழலை மாற்றிப் பரம்பரையையும் மாற்றலாம் என்ற வாதம், சக்சனியின் குட்டிகள் என்றோ பொய்யாக்கிய நம்பிக்கையின் மறுபிறப்பே. சிந்தனைகளை அவற்றின் பொருளாதார அடிப்படையிலிருந்து விளக்குவோம் என்றவர்கள், இச்சிந்தனையின் அடிப்படையை மாத்திரம் தேட மறந்தார்கள். துறவியின் அங்கியைக் கண்டார்கள். கம்பளிச் சந்தையைக் காணவில்லை.

1910இல் பேர்ணோவின் சதுக்கத்தில் மெண்டெலுக்கு எழுப்பப்பட்ட வெண்பளிங்குச் சிலை, 1950இல் அங்கிருந்து பெயர்க்கப்பட்டு மடத்து வளவுக்குள் வைக்கப்பட்டது. 1965இல் லிசெங்கோ தம் நிறுவனப் பதவியை இழந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில், மெண்டெலின் உரைகளுக்கு நூறாண்டு நிறைந்தமையைக் கொண்டாடப் பல நாட்டு விஞ்ஞானிகள் பேர்ணோவிற் கூடினர். சிலை இன்றும் மடத்து வளவிலேயே நிற்கின்றது.