அக்ரகாஸ், அக்ரிகெந்தும் ஆனது எப்படி?

சிசிலித் தீவின் தென்கரையில், கி.மு. 580 வாக்கில் கெலா ஊர்க் கிரேக்கர்கள் ஒரு புதிய நகரத்தை அமைத்தார்கள். பக்கத்தில் ஓடிய ஆற்றின் பெயரையே ஊருக்கும் வைத்தார்கள்: அக்ரகாஸ். ஆனால் ரோமானியர்கள் அதை அக்ரிகெந்தும் என்றார்கள். லத்தீனில் 'அக்ரி' என்றால் 'வயலின்'. அதனால் இது ஏதோ வயல் ஊர் என்று சொல்லத் தோன்றும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இலக்கணமே போதும்.

நாம 'மரம்' என்கிறோம், வேற்றுமை சேர்ந்தால் 'மரத்தை' ஆகிவிடுகிறது இல்லையா? கிரேக்கத்திலும் அப்படித்தான். எழுவாயில் அக்ரகாஸ்; இரண்டாம் வேற்றுமையில் அக்ரகந்த்தா. "அக்ரகாஸுக்குப் போறேன்" என்று ஒரு கிரேக்கன் சொல்லும்போது காதில் விழுவது இந்த இரண்டாவது வடிவம்தான். ரோமானியர்கள் பிடித்துக்கொண்டது அதை. வாலில் 'உம்' ஒட்டி, கிரேக்கத்தில் ஆண்பாலாக இருந்ததை அஃறிணைப் பெயர் ஆக்கிவிட்டார்கள். இத்தாலியின் தாராஸ் (தாரந்த்தா) இதே வழியில்தான் தாரெந்தும் ஆனது.

சரி, 'அ' எங்கே போச்சு? பழைய லத்தீனில் சொல்லின் நடுவில் வரும் குறில் 'அ' தேய்ந்துவிடும். அசை உயிரில் முடிந்தால் 'இ', மெய்யில் முடிந்தால் 'எ'. ஃபாகியோ (செய்கிறேன்) முன்னொட்டுச் சேர்ந்தால் பெர்ஃபிகியோ. அதன் எச்சம் பெர்ஃபெக்துஸ். நம்ம 'பெர்ஃபெக்ட்' அதுதான். இப்போ ஊர்ப் பெயரைப் பாருங்க: 'க்ர' என்பது 'க்ரி' ஆச்சு, 'கந்த்' என்பது 'கெந்த்' ஆச்சு. கோடு மாறாமல் அதே விதி. முதல் ககரம் மட்டும் 'கடல்' ககரத்திலிருந்து 'தங்கம்' ககரமாக மாறியது. கிரேக்க 'குபெர்னான்' (கப்பல் செலுத்து) லத்தீனில் போய், கடைசியில் 'கவர்னர்' ஆனபோதும் இதே மாற்றம்தான். வயல் தேவையே இல்லை.

இதில் எனக்குச் சுவாரசியமான விஷயம் காலம். இந்த உயிர்த் தேய்வு கி.மு. 5ஆம் நூற்றாண்டு வாக்கில் நடந்தது என்பது பொதுவான கருத்து. ரோமப் படை இந்த ஊரை முற்றுகையிட்டதோ கி.மு. 262இல். அப்படியானால், படைக்கு வெகுநாள் முன்னாடியே இந்தப் பெயர் ரோமானியர் வாயில் புழங்கியிருக்க வேண்டும். வியாபாரிகள் கொண்டுவந்திருக்கலாம் என்பது என் ஊகம். பிற்காலத்தில் புத்தகம் வழியாக வந்த வடிவம் வேறு: வர்ஜில் தன் ஈனியட் காவியத்தில் கிரேக்க வடிவமான அக்ரகாஸையே எழுதுகிறார். அதில் தேய்வே கிடையாது.

அரபு ஆட்சிக்குப் பிறகு ஊர் ஜிர்ஜென்தி ஆனது. 1867இல் நாடகாசிரியர் பிராந்தெல்லோ பிறந்தபோதும் அதே பெயர்தான். 1927இல் முசோலினி அரசு அதை எடுத்துவிட்டு, பழைய லத்தீன் பெயரை இத்தாலியமாக்கி 'அக்ரிஜென்தோ' என்று வைத்தது.