ஊரா, காலனியா?

திருப்பரங்குன்றத்துக்கும் திருநகருக்கும் இடையில் ஒரு வீடு வாடகைக்கு வருகிறதென்று போனேன். புரோக்கர் வழிநெடுக வசதிகளை அடுக்கிக்கொண்டே வந்தார். "ரயிலடி பக்கம், பஸ்ஸு பக்கம், பள்ளிக்கூடம் பக்கம், கோயிலுக்கு நடந்தே போயிரலாம் சார்."

வீட்டுக்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "சொந்த ஊரு?" சொன்னேன். "ஊருக்குள்ளயா, காலனியா?" அதையும் சொன்னேன். "சொந்தக்காரவுக வர்றதாச் சொல்லிருக்காக. பெறகு பாப்பம்." பூட்டு திறக்கவேயில்லை.

திரும்பி நடக்கும்போது அந்தப் பட்டியலையே யோசித்தேன். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் ரயில் 1876-இல் வந்தது. பசுமலையில் அமெரிக்க மிஷன் 1845-இலேயே கல்விக்கூடம் நடத்தியது. ஹார்விபட்டி, மதுரா மில்லின் தொழிலாளர்களுக்கென்று உருவான குடியிருப்பு. குன்றிலோ சமணர் படுக்கையும் முருகன் கோயிலும் சிக்கந்தர் தர்காவும் இருக்கின்றன. இதில் எதையும் அந்த வீட்டுக்காரர் உண்டாக்கவில்லை. வாடகையை மட்டும் இதையெல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறார்.

'காலனி' என்ற சொல்லையும் பாருங்கள். மில் காலனி, ரயில்வே காலனி என்றால் மரியாதை. வெறும் காலனி என்றால் நாம். சேரி என்ற பேரை மாற்றினார்கள், கேள்வி மாறவில்லை.

இந்த வசதிகளும் நமக்குச் சும்மா வந்தவை அல்ல. பொதுத்தெரு, கிணறு, குளம் எல்லாருக்கும் பொது என்று சொல்ல 1924-இல் சென்னைச் சட்டசபையில் ரெட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம்மவர்கள் நுழைய 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு கடை, கிணறு, குளம், சாலை என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லித் திறந்தது. 2011-இல் திருப்பரங்குன்றம், திருநகர், ஹார்விபட்டி எல்லாம் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்து நூறு வார்டு ஆயிற்று. தெருவரைக்கும் வந்துவிட்டோம். வாசற்படிதான் பாக்கி.

அமெரிக்காவில் படித்துவிட்டு 1917-இல் பரோடாவுக்கு வேலைக்குப் போன அம்பேத்கருக்கும் இதுதான் நடந்தது. தங்க இடமில்லாமல் ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பேரில் தங்கினார். கம்போடு வந்து வெளியேற்றினார்கள். வேலையை விட்டுப் பம்பாய்க்கு ரயில் ஏறினார். அன்று கையில் கம்பு இருந்தது. இன்று 'பெறகு பாப்பம்' இருக்கிறது.

இதற்குச் சட்டமே இல்லை என்று நம் தோழர்களே சொல்கிறார்கள். இருக்கிறது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம், இன்றைய பெயரில் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 4-ஆவது பிரிவு. எந்தப் பகுதியிலும் வீடு கட்டவோ வாங்கவோ குடியிருக்கவோ தீண்டாமையின் பேரால் தடுப்பது குற்றம். "அவர் சாதிப்பேரே சொல்லலையே, எப்படி நிரூபிக்கிறது?" என்பீர்கள். 12-ஆவது பிரிவைப் படியுங்கள். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், தீண்டாமையின் பேரால்தான் அது நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லையென்று நிரூபிப்பது எதிராளியின் பொறுப்பு.

ஆனாலும் நாம் என்ன செய்கிறோம்? அவமானத்தை முழுங்கிவிட்டு அடுத்த தெருவில் வீடு தேடுகிறோம். நானும் அதைத்தான் செய்தேன். புரோக்கர் கூடவே நின்றார், எல்லாம் கேட்டார். அவர் சாட்சி என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

இனி வீடு பார்க்கப் போகிறவர்கள் ஒரு தோழரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தேதி, தெரு, கேட்ட கேள்வி, சொன்ன பதில் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். நம் வரலாற்றில் இதுவும் ஒரு ஆவணம்.