அரக்கில் பதிந்த வரலாறு: ஜாஸ் இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் விட்டுச்சென்ற சான்றும் அதன் இடைவெளிகளும்

1934ஆம் ஆண்டு பாரிசில் 'லெ ஜாஸ் ஹாட்' என்னும் நூல் வெளிவந்தது. எழுதிய ஹ்யூக் பனாசியேவுக்கு அப்போது வயது 22. ஜாஸைக் கேளிக்கை என்று ஒதுக்கிவிடாமல், நுணுகி மதிப்பிடத்தக்க கலையாகக் கருதிய தொடக்ககால நூல்களுள் அதற்கு முக்கிய இடம் உண்டு. எட்டு ஆண்டுகள் கழித்து, 1942இல், நியூயார்க்கில் வெளியான தம் அடுத்த நூலில் பனாசியே முந்தைய தீர்ப்புகள் பலவற்றைத் தாமே திருத்திக்கொண்டார். வெள்ளை இசைஞர்களுக்குத் தாம் அளவுக்கு மீறிய இடம் அளித்துவிட்டதாகவும், ஜாஸைத் தாம் முதலில் அறிய நேர்ந்தது அவர்கள் வழியாக என்பதே அப்பிழையின் காரணம் என்றும் ஒப்புக்கொண்டார்.

வரலாறு பயிலும் நாம் இந்த ஒப்புதலின் முன் சற்று நிற்க வேண்டும். அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் இருந்த ஓர் இளைஞருக்கு ஜாஸ் என்பது கப்பலேறி வந்த தட்டுகளே. எவை வந்தனவோ அவற்றைக் கொண்டே ஒரு கலையின் வரலாற்றை அவர் எழுதினார். அவர் மட்டுமல்லர். ஜாஸின் முதல் வரலாற்றாசிரியர்களுள் பெரும்பாலோர் பல்கலைக்கழகம் சாராத இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள். அவர்கள் இல்லையெனில் இன்று நம்மிடம் சான்று இல்லை. அவர்களுடைய விருப்புவெறுப்புகளே அச்சான்றின் எல்லைகளையும் வகுத்தன. இவ்விரண்டையும் ஒருசேர மனத்தில் கொள்ளாமல் ஒலிப்பதிவை வரலாற்று மூலமாகக் கையாளக் கூடாது என்பதே இப்பதிவின் வாதம்.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்தங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம் ஒலிக்கும். முதல் ஜாஸ் பதிவு எனப் பொதுவாகக் குறிக்கப்படுவது 1917 பிப்ரவரியில் விக்டர் நிறுவனத்துக்காக 'ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட்' வாசித்தது. அக்குழுவினர் ஐவரும் வெள்ளையர். கறுப்பின மக்கள் உருவாக்கிய இசை, தட்டில் ஏறும்போது வேற்றார் கையால் ஏறியது. 1920இல் மேமி ஸ்மித் பாடிய 'கிரேஸி ப்ளூஸ்' பெருமளவில் விற்ற பிறகே கறுப்பின மக்களை ஒரு சந்தையாக நிறுவனங்கள் உணர்ந்தன. 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்ற தனிப் பட்டியல்கள் பிறந்தன. கிங் ஆலிவரின் குழு, இளம் லூயி ஆம்ஸ்ட்ராங்குடன், 1923 ஏப்ரலில் இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் ஜென்னெட் நிறுவனத்துக்காகப் பதிவு செய்தது. ஜென்னெட், பியானோ தயாரித்த ஒரு நிறுவனத்தின் துணைத்தொழில். பாரமவுண்ட், நாற்காலி தயாரித்த ஒரு நிறுவனத்தின் துணைத்தொழில். தட்டு அவர்களுக்குச் சரக்கு. விற்பனை ஓய்ந்ததும் அது பட்டியலிலிருந்து நீங்கும். குழுவில் வாசித்தவர் யார் யார் என்பதை லேபிளில் அச்சிடும் வழக்கமும் இல்லை. 1929க்குப் பின் வந்த பெருமந்தத்தில் இசைத்தட்டு விற்பனையே சரிந்தது. 1930களின் தொடக்கத்தில் ஆலிவரின் தட்டைக் கடையில் புதிதாக வாங்குதல் அரிதாயிற்று.

இந்நிலையில்தான் சேகரிப்பாளர்கள் வந்தனர். பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்து வெள்ளை இளைஞர்கள். கல்லூரி மாணவர்கள் பலர். பழம்பொருள் கடைகளையும் அறநிலையங்களின் மலிவுக் கடைகளையும் துழாவினர். கறுப்பின மக்கள் வாழும் தெருக்களில் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டிப் பழைய தட்டுகளைச் சில்லறைக் காசுக்கு வாங்கினர். ஏட்டுச் சுவடி தேடி ஊர் ஊராகச் சென்ற உ.வே.சாமிநாதையர் நமக்கு நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது: ஐயர் தேடியது தம் மொழியின் செல்வத்தை. இவர்கள் நிறவெறி பிளந்துவைத்த ஒரு நாட்டில் கோட்டின் மறுபக்கம் சென்று, விற்பவர் அறியாத விலையுடைய பொருளை வாங்கி வந்தனர். மீட்பும் ஆதாயமும் ஒரே செயலில் கலந்திருந்தன.

வாங்கியவற்றை ஒன்றாக அமர்ந்து கேட்டனர்; விவாதித்தனர். இரண்டாவது கார்னெட் யாருடையது? இந்தத் தனிவாசிப்பு ஆம்ஸ்ட்ராங்கா, அவரைப் பின்பற்றிய வேறொருவரா? லேபிள் மௌனம் சாதித்ததால் செவியே ஆராய்ச்சிக் கருவியாயிற்று. அதற்குத் துணைநின்றது தட்டில் பொறிக்கப்பட்ட மேட்ரிக்ஸ் எண். ஒவ்வொரு பதிவுக்கும் நிறுவனம் ஒரு தொடர் எண் இடும்; ஒரே பாடலை மறுமுறை பதிந்தால் அதற்கெனத் தனிக் குறி சேர்க்கும். இவ்வெண்களை வரிசைப்படுத்தினால் எந்த அமர்வில், எந்த ஒழுங்கில், ஏறத்தாழ எந்நாளில் பதிவு நிகழ்ந்தது என்று கணிக்கலாம். எழுத்தமைதி கொண்டு கல்வெட்டின் காலத்தைக் கணிப்பதற்கும், பாடபேதங்களை ஒப்பிட்டுப் பதிப்பிப்பதற்கும் நெருங்கிய முறை இது. பனாசியேவின் தோழர் சார்ல் தெலோனே 1936இல் வெளியிட்ட 'ஹாட் டிஸ்காகிராஃபி' இம்முறைக்கு நூல்வடிவம் தந்தது. நூலடைவு போன்ற இசைத்தட்டு அடைவு என்னும் துறை இவ்வாறு உருப்பெற்றது. கல்விநிலையம் எதுவும் அதற்கு ஊதியம் தரவில்லை.

சேகரிப்பாளர்களின் கருத்து நாளடைவில் தொழிலையும் மாற்றியது. நியூயார்க்கின் 42ஆம் தெருவில் மில்ட் கேப்லர் நடத்திய 'காமடோர்' கடை அவர்கள் கூடுமிடம். அச்சில் இல்லாத பழைய பதிவுகளை அவர் மறுவெளியீடு செய்தார். வாசித்த அனைவரின் பெயர்களையும் லேபிளில் அச்சிட்டார். பெயரற்ற துணைவாசிப்பாளர் இவ்வாறு வரலாற்றில் பெயர் பெற்றார். 1939 ஏப்ரலில், கறுப்பின மக்கள் மரத்தில் தூக்கிலிடப்படுவதைப் பாடும் 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பாடலைப் பதிவுசெய்யக் கொலம்பியா முன்வராதபோது, பில்லி ஹாலிடே அதைப் பதிந்தது கேப்லரின் காமடோர் நிறுவனத்துக்காகத்தான். அதே ஆண்டு ஜனவரியில், பெர்லினிலிருந்து வந்து குடியேறிய ரசிகர் ஆல்ஃப்ரட் லயன் ஆல்பர்ட் அம்மன்ஸையும் மீட் லக்ஸ் லூயிஸையும் பதிவுசெய்து 'ப்ளூ நோட்' நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த லூயிஸ் முன்பு பாரமவுண்ட் நிறுவனத்துக்காகப் பதிந்த ஒரு பியானோ தட்டைக் கேட்டு, ஜான் ஹாமண்ட் அவரைத் தேடிச் சென்றார். கண்டபோது லூயிஸ் சிகாகோவில் கார் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு தேய்ந்த தட்டு ஒரு மனிதரை மேடைக்கு மீட்டது.

ஆனால் சேகரிப்பாளர் தாம் கேட்க விரும்பியதையே கேட்கும் இயல்பும் உடையவர். ஃபிரெடரிக் ராம்சேயும் சார்லஸ் எட்வர்ட் ஸ்மித்தும் தொகுத்து 1939இல் வெளியான 'ஜாஸ்மென்' நூல், பதிவுக்கு முந்தைய நியூ ஆர்லியன்ஸை மீட்டெழுத முயன்றது. அங்கே நாயகர் பட்டி போல்டன். அவர் வாசிப்பு எதுவும் பதிவாகக் கிட்டவில்லை. அவருடன் வாசித்ததாகக் கூறிய முதிய இசைஞர் பங்க் ஜான்சன் லூயிசியானாவில் கண்டறியப்பட்டார். அவருக்குப் பல் கட்டவும் கருவி வாங்கவும் ரசிகர்கள் பணம் திரட்டினர். 1942இல் பதிவும் செய்தனர். நெஞ்சை நெகிழ்விக்கும் செயல்தான். எனினும் அவர் கூறிய வயதையும் போல்டனுடனான தொடர்பையும் பிற்கால ஆய்வாளர்கள் ஐயுற்றனர். டொனால்ட் மார்க்விஸ் 1978இல் வெளியிட்ட ஆய்வு, நகர முகவரிப் பட்டியல்களையும் நாளிதழ்களையும் கொண்டு, போல்டனைப் பற்றி வழங்கிய கதைகள் பலவும் ஆதாரமற்றவை எனக் காட்டியது. தொடக்கத்தின் தூய்மையைத் தேடியவர்களுக்கு, தொடக்கத்தைக் கண்ட ஒருவர் தேவைப்பட்டார், கிடைத்தார்.

அந்தத் தூய்மை வேட்கை பூசலாகவும் வெடித்தது. 1940களில் பீபாப் என்னும் புதுப்பாணி எழுந்தபோது, பழைய நியூ ஆர்லியன்ஸ் பாணியே ஜாஸ் என்ற தரப்பினரை எதிர்த்தரப்பினர் 'பூஞ்சணம் பூத்த அத்திப்பழங்கள்' என்று எள்ளினர். பிரான்சில் பனாசியேவும் தெலோனேவும் இதே கேள்வியில் பிரிந்தனர். ஒரு பழம்பதிவு பற்றிய கருத்து, ஜாஸ் யாருக்குரியது என்னும் வழக்காக மாறியிருந்தது.

இங்கே ஒரு முரண். புதுப்பாணி கருக்கொண்ட காலமே பதிவுகளில் வெற்றிடமாக உள்ளது. 1942 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க இசைக்கலைஞர் சம்மேளனம் பதிவு நிறுத்தத்தில் இறங்கியது. டெக்கா 1943இலும், விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பரிலும்தான் உடன்பட்டன. சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் ஒன்றாக வாசித்த 1943ஆம் ஆண்டின் ஏர்ல் ஹைன்ஸ் குழுவுக்கு வணிகப் பதிவே இல்லை. தட்டுகளை மட்டும் வரிசையாகக் கேட்பவருக்குப் பீபாப் திடீரெனக் குதித்தது போலத் தோன்றும். வளர்ச்சி நிகழ்ந்தது, பதிவு நிகழவில்லை.

அதே ஆண்டில் மற்றொரு தட்டுப்பாடும் நேர்ந்தது. அதன் மூலம் நம் நாட்டில் உள்ளது. 78 சுழற்சித் தட்டு கற்பொடியை அரக்கால் பிணைத்துச் செய்யப்படுவது. உலகச் சந்தைக்கு அரக்கு பெரும்பகுதி சென்றது இந்தியாவிலிருந்து. சோட்டா நாக்பூர் பகுதியில் பலாச மரத்திலும் இலந்தை மரத்திலும் வாழும் சிறு பூச்சி சுரப்பதைப் பழங்குடி மக்கள் சுரண்டி எடுத்துத் தந்ததிலிருந்து. ஆசியக் கடல்வழிகள் போரில் இடருற்றபோது, 1942 ஏப்ரலில் அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம் இசைத்தட்டுத் தொழிலின் அரக்குப் பயன்பாட்டை 70 விழுக்காடு குறைக்க ஆணையிட்டது. மறுபயன்பாட்டுக்காகப் பழைய தட்டுகள் திரட்டப்பட்டு அரைக்கப்பட்டன. ஒருபுறம் சேகரிப்பாளர் தேடிய பொருளே மறுபுறம் அரவைக்குச் சென்றது. ஆலிவரின் கார்னெட் ஒலியைத் தாங்கி நின்ற பொருளில் இந்தியக் காட்டு உழைப்பும் கலந்திருந்தது. எந்த அடைவிலும் அதற்கு ஒரு பத்தி இல்லை.

நம் மண்ணோடு தொடர்புடைய மற்றொரு விடுபடல் பியானோ இசைஞர் டெடி வெதர்ஃபோர்டு. 1920களின் சிகாகோவில் ஏர்ல் ஹைன்ஸுக்கு இணையாகப் பேசப்பட்டவர். 1926இல் ஆம்ஸ்ட்ராங்குடன் எர்ஸ்கின் டேட் குழுவில் பதிவு செய்தவர். அவ்வாண்டிலேயே ஆசியாவுக்குப் புறப்பட்டார். ஷாங்காய், பம்பாய் தாஜ்மகால் ஓட்டல், கல்கத்தா கிராண்ட் ஓட்டல் என வாழ்ந்து, 1945 ஏப்ரலில் கல்கத்தாவில் காலராவால் இறந்தார். போர்க்காலத்தில் கல்கத்தாவில் அவர் பதிந்த தட்டுகள் அமெரிக்கச் சேகரிப்பாளரின் அலமாரியை எளிதில் எட்டவில்லை. ஹைன்ஸ் ஓர் அத்தியாயமானார். வெதர்ஃபோர்டு ஓர் அடிக்குறிப்பானார். இந்திய ஜாஸ் உலகை மீட்டெழுதிய நரேஷ் பெர்னாண்டஸின் 'தாஜ் மகால் ஃபாக்ஸ்ட்ராட்' போன்ற முயற்சிகள் பின்னரே வந்தன.

சேகரிப்பாளரின் செவி எவ்வாறு சான்றை வெட்டுகிறது என்பதற்கு டீன் பெனடெட்டியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அவரும் ஒரு சாக்ஸபோன் இசைஞர். 1947, 1948ஆம் ஆண்டுகளில் பார்க்கர் வாசித்த விடுதிகளுக்குப் பதிவுக்கருவியைச் சுமந்து சென்றார். பார்க்கர் தனிவாசிப்பைத் தொடங்கியதும் கருவியை இயக்குவார். முடித்ததும் பெரும்பாலும் நிறுத்திவிடுவார். 1990இல் மொசைக் நிறுவனம் அவற்றை வெளியிட்டபோது உலகம் பெற்றது ஒரு புதையல். ஆனால் அது துண்டுகளின் புதையல். உடன்வாசித்தவர் பார்க்கருக்கு என்ன விடை சொன்னார் என்பது பல இடங்களில் அங்கு இல்லை.

1963இல் லெராய் ஜோன்ஸ், பின்னாளில் அமீரி பராகா எனப் பெயர் மாற்றிக்கொண்டவர், இச்சிக்கலின் வேரைத் தொட்டார். விமர்சகர்களுள் பெரும்பாலோர் வெள்ளையர். அவர்கள் இசையைப் பொருளாக ரசிக்கிறார்கள். அதைப் பிறப்பித்த வாழ்க்கை நோக்கை அறிய முயல்வதில்லை என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம். அது பெருமளவு உண்மை. அதேவேளை, சேகரிப்பாளர் சிலர் தட்டின் எல்லையைத் தாமே உணர்ந்தனர் என்பதும் உண்மை. பங்க் ஜான்சனைப் பதிவுசெய்த வில்லியம் ரஸ்ஸல், 1958இல் டுலேன் பல்கலைக்கழகத்தில் அமைந்த நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் ஆவணக்காப்பகத்தின் முதல் காப்பாளராகி, முதிய இசைஞர்களின் வாய்மொழி வரலாற்றை நாடாவில் பதிந்தார். மார்ஷல் ஸ்டேர்ன்ஸ் 1952இல் தம் வீட்டிலிருந்த தொகுப்பைக் கொண்டு நிறுவிய ஜாஸ் ஆய்வு நிறுவனம் 1966இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தை அடைந்தது.

இந்திய இசைவரலாறு பயிலும் மாணவர்க்கு இவை அயலார் கதை அல்ல. மைக்கேல் கின்னியர் 1994இல் வெளியிட்ட முதற்கால இந்தியப் பதிவுகளின் அடைவும், 1990இல் மும்பையில் தோன்றிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தின் பணியும் இதே மரபின. நாடகப் பாடலோ கச்சேரிப் பாடலோ, நூறாண்டு பழைய ஒரு தட்டை நாம் இன்று கேட்க முடிகிறதென்றால், பெரும்பாலும் எவரோ ஒருவர் தம் வீட்டில் அதைக் காத்து வைத்தார் என்பதே காரணம். நன்றியோடு கேட்போம், கூடவே வினவுவோம். இதைப் பதிவுசெய்தவர் யாருக்கு விற்க எண்ணினார்? மூன்று நிமிடத்துக்காக எது வெட்டப்பட்டது? இதைக் காத்தவர் எதைக் காக்கவில்லை? பதிவுக்கூடத்தின் படியேறாதவர் யார்?

ஆம்ஸ்ட்ராங்கும் ஒரு சேகரிப்பாளரே. நியூயார்க் குவீன்ஸ் பகுதியில் இருந்த தம் வீட்டில் 600க்கும் மேற்பட்ட ஒலிநாடாக்களை அவர் விட்டுச்சென்றார். உரையாடல்கள், நகைச்சுவைகள், தட்டுகளிலிருந்து எடுத்த படிகள் ஆகியவற்றைப் பதிந்து, பெட்டிகளின் மேல் தம் கையாலேயே படங்களை வெட்டி ஒட்டி அழகுபடுத்தினார். பிறர் தம்மைச் சேகரித்த காலம் முழுதும், தம் வரலாற்றைத் தாமே சேகரித்துக்கொண்டிருந்தார். ஆய்வாளர்கள் அந்நாடாக்களை அணுக முடிந்தது அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே. நம் ஆய்வுப்பொருளாக இருக்கும் கலைஞர்களின் வீடுகளிலும் இத்தகைய பெட்டிகள் இருக்கக்கூடும். அலமாரியில் உள்ள தட்டைக் கேட்டு முடித்ததும், அந்த வீடுகளின் கதவைத் தட்டுவது நம் பணி.