கபிலர் குன்று: பாட்டு எப்படிப் பிழைச்சுது?

முகையூர் பக்கம் இருந்து திருக்கோவிலூருக்குப் போனீங்கன்னா, வீரட்டானேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துல தென்பெண்ணை ஆத்துல ஒரு பெரிய பாறையைப் பார்க்கலாம். உச்சியில ஒரு சின்னக் கோயில். ஊர்ல அதுக்குப் பேரு கபிலர் குன்று. இன்னைக்கு எபிசோட் அங்கிருந்துதான்.

பறம்பு மலையை ஆண்ட பாரியை மூவேந்தரும் முற்றுகை போட்டாங்க. பாரி இறந்ததும், அவரோட நண்பர் கபிலர் பாரியின் மகள்கள் ரெண்டு பேருக்கும் மணம் பேசி மன்னர்கள்கிட்ட போனார். விச்சிக்கோன் ஏத்துக்கல. இருங்கோவேளும் ஏத்துக்கல. கடைசியில் அந்தப் பெண்களைப் பார்ப்பாரிடம் ஒப்படைச்சுட்டு கபிலர் வடக்கிருந்தார் என்று புறநானூற்றுப் பாடலின் அடிக்குறிப்பு சொல்லுது. வடக்கிருத்தல்னா உண்ணாமல் இருந்து உயிரை விடுவது.

அப்புறம் பல நூற்றாண்டு ஓடிப் போச்சு. 985-ல் பட்டத்துக்கு வந்த முதலாம் ராஜராஜன் காலத்துல, வீரட்டானேஸ்வரர் கோயிலில் ஒரு கல்வெட்டு வெட்டுறாங்க. அதுலயும் கபிலர் வர்றார். ஆனா கதை வேற. பாரியின் மகளை மலையமானுக்குக் கொடுத்துட்டு, பெண்ணையாத்துப் பாறையில கபிலர் தீக்குள்ள இறங்கினார்னு அது சொல்லுது.

சோழர் கல்வெட்டுல கபிலருக்கு என்ன வேலை? ராஜராஜனின் தாய் வானவன்மாதேவி மலையமான் வீட்டுப் பெண். அவர் பிறந்த குலத்தின் பெருமையைப் பேசும்போது, அந்தக் குலத்தோடு சேர்ந்த புலவரையும் சேர்த்துச் சொல்றாங்க. விவரம் மாறிப் போச்சு. ஆனா கபிலரை யாரும் மறக்கல.

இதே ஆத்தோரம், திருக்கோவிலூருக்கு மேற்கே ஜம்பைன்னு ஒரு ஊர். அங்க ஒரு குகையில 1981-ல் தமிழ்-பிராமி கல்வெட்டு ஒண்ணு கிடைச்சுது. மொத்தமே ஒரு வரி. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளி, அதாவது உறைவிடம். அவ்வளவுதான் அதன் பொருள்.

அதியமான் நெடுமான் அஞ்சி யாருன்னு நமக்குத் தெரியும், ஔவையார் பாடியிருக்கார். அவர் கோவலூரை வென்றதையும் அதே ஔவையார்தான் சொல்றார். கோவலூர்னா இன்றைய திருக்கோவிலூர். அந்த ஊருக்குப் பக்கத்துலயே அவர் பேரு கல்லுல கிடைக்குது! அதோட, அசோகர் தன் கல்வெட்டுல சோழர், பாண்டியரோட சேர்த்துச் சொன்ன சதியபுத்திரர் யாருங்கிற நீண்ட நாள் விவாதத்துக்கும் இது பெரிய சாட்சியாச்சு.

இப்போ யோசிச்சுப் பாருங்க. ஔவையார் பாட்டு கிடைக்காமப் போயிருந்தா, ஜம்பையில இருக்கிறது வெறும் ஒரு பேரு. கல்லு நின்னிருக்கும், யாரு அந்த ஆளுன்னு சொல்ல நாதி இருந்திருக்காது.

ஆனா பாட்டு தானா பிழைக்கலங்க. பனை ஓலையைப் பூச்சி அரிக்கும், ஈரம் தின்னும். பழைய ஏடு உதிர்றதுக்குள்ள ஒருத்தர் உட்கார்ந்து புது ஏட்டுல எழுதணும். திரும்பத் திரும்ப, தலைமுறை தலைமுறையா. நம்ம மென்பொருள் பாஷையில சொன்னா, ஒரு தடவை பேக்கப் எடுத்துட்டு மறந்துட்டா வேலைக்கு ஆகாது. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊரா ஏடு தேடி, ஒப்பிட்டுப் பார்த்து, 1894-ல் புறநானூற்றை அச்சுல கொண்டு வந்தார். அப்பவும் 267, 268-ஆம் பாடல்கள் கிடைக்கவே இல்ல. இன்னும் பல பாடல்கள் அடிகள் சிதைஞ்சுதான் கிடைச்சுது. பாட்டு காலத்தை வெல்லும்னு மேடையில சொல்றோம். அந்த ரெண்டு பாட்டும் வெல்லலியே.

அதனால ஒரு வேண்டுகோள். நம்ம விழுப்புரம் பக்கம் தெருக்கூத்து ஆடுற ஊர்கள் நிறைய. கூத்து வாத்தியார்கள் சிலர் வீட்டுல கையால எழுதின பாட்டு நோட்டு இருக்கும். பழுப்பேறி, ஓரம் கிழிஞ்சு, பரண்ல கிடக்கும். உங்க தாத்தாவோ மாமாவோ கூத்தாடினவரா இருந்தா, இந்த வாரமே கேட்டுப் பாருங்க. அவர் சம்மதத்தோட ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுங்க. முடிஞ்சா அவரையே பாடச் சொல்லிப் பதிவு பண்ணுங்க. மெட்டு நோட்டுல இருக்காது, அவர்கிட்டதான் இருக்கு.