மேசைக்கு வரும் கடிதம்

ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்க ஒரு காலத்தில் மொட்டைக் கடுதாசி போதுமாக இருந்தது. இன்று அதை அனுப்புகிறவர் பெயரை மறைப்பதுகூட இல்லை. முன்னாள் கணவன், முன்னாள் காதலன் என்ற உரிமையோடு வாட்ஸ்அப் உரையாடலையும் படங்களையும் அனுப்புகிறார். போய்ச்சேரும் இடம் மட்டும் மாறவில்லை: முதல்வர் அறை, மேலாளர் மேசை, தாளாளர் வீடு. அனுப்பியவரைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அதைப் பிரித்துப் படிக்கிறவரைப் பற்றி நான் பேச நினைக்கிறேன். அவர் கிழித்துப்போட்டால் அந்தக் காகிதத்துக்கு ஒரு பலமும் இல்லை.

கணவனின் புகாருக்கு இவ்வளவு மரியாதை எங்கிருந்து வந்தது? 'பிறன்மனை' என்ற நம் பழஞ்சொல்லில் வீடும் மனைவியும் ஒன்றாகவே இருக்கிறார்கள். இரண்டும் ஒருவனுக்குச் சொந்தம். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 497ஆம் பிரிவில் இதையே சட்டமாக்கியது. ஒருவன் இன்னொருவனின் மனைவியோடு உறவுகொண்டால் குற்றம். கணவன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை. பாதிக்கப்பட்டவனாகக் கணவன்தான் கருதப்பட்டான். அவளுடைய விருப்பத்துக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. 2018 செப்டம்பரில்தான் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது.

அலுவலகமும் இதே பாடத்தைக் கற்றிருந்தது. சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் படித்த சி.பி. முத்தம்மா, இந்திய வெளியுறவுப் பணியில் நுழைந்த முதல் பெண். அந்தப் பணியின் விதிகளின்படி ஒரு பெண் அதிகாரி திருமணம் செய்ய அரசிடம் எழுத்துவழி அனுமதி பெற வேண்டும். குடும்பம் வேலைக்குத் தடை என்று அரசு கருதினால் விலகச் சொல்லலாம். அவர் வழக்குத் தொடுத்தார். 1979இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகச் சாடினார். ஆயுள் காப்பீட்டுக் கழகம் இன்னும் உள்ளே போனது. வேலையில் சேரும் பெண்களிடம் மாதவிலக்கு, கருத்தரிப்பு பற்றிய விவரங்களைப் படிவத்தில் கேட்டது. நீரா மாத்தூர் மகப்பேறு விடுப்பு எடுத்தபின், படிவத்தில் உண்மையை மறைத்ததாகச் சொல்லி நீக்கப்பட்டார். 1991இல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் சேர்க்கச் சொன்னது. அந்தக் கேள்விகளையும் எடுக்கச் சொன்னது. ஆக, கடிதம் வருவதற்கு முன்பே அதைப் படிக்க மேசை தயாராக இருந்தது.

கடிதமே வழக்கின் மையமான ஒரு தீர்ப்பும் உண்டு. ஜாய்தீப் மஜும்தார் என்ற ராணுவ அதிகாரியின் மேல் அவருடைய மனைவி மேலதிகாரிகளுக்குப் புகார்கள் அனுப்பினார். அவருடைய பணி முன்னேற்றம் பாதிக்கப்பட்டது. 2021இல் உச்ச நீதிமன்றம் இதை மனக்கொடுமை என்று ஏற்று மணவிலக்கு அளித்தது. இங்கே எழுதியவர் பெண், இழந்தவர் ஆண். இதை நாம் தாண்டிப் போகக் கூடாது. துணையின் பிழைப்பைக் கெடுப்பது கொடுமை என்றால், அது பெண்ணுக்கும் பொருந்தும். அதேசமயம் ஒரு வேறுபாட்டையும் விடக் கூடாது. அடித்ததையோ அலுவலகத்தில் தொல்லை கொடுத்ததையோ சொல்வது புகார். யாரோடு பேசினாள், எங்கே தங்கினாள் என்று சொல்வது புகார் அல்ல, கண்காணிப்பு.

அந்தக் கண்காணிப்பு நம் ஊர் நீதிமன்றத்துக்கும் வந்தது. பரமக்குடி நீதிமன்றத்தில் நடந்த மணவிலக்கு வழக்கில், கணவர் மனைவியின் கைபேசி அழைப்பு விவரங்களைத் தாக்கல் செய்தார். 2024 அக்டோபரில் மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அந்தரங்க உரிமை கணவன் மனைவிக்கிடையிலும் உண்டு என்று அதை ஏற்க மறுத்தார். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், தம்பதியரின் ரகசியப் பதிவுகளை மணவழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. நீதிமன்றத்திலாவது அந்தப் பதிவைக் குறுக்கு விசாரணை செய்ய ஒரு வழக்கறிஞர் இருப்பார். முதல்வர் அறையில் யார் இருக்கிறார்கள்?

நான் வசிக்கும் வில்லாபுரத்தில் காலையில் பேருந்துக்கு நிற்கும் பெண்களில் ஜவுளிக்கடைக்கும் தனியார் பள்ளிக்கும் போகிறவர்கள் பலர். கையில் நியமன ஆணைகூட இல்லாதவர்கள் இருக்கிறார்கள். முத்தம்மாவும் நீரா மாத்தூரும் அரசையும் அரசு நிறுவனத்தையும் எதிர்த்து அடிப்படை உரிமையைக் காட்டி வழக்காட முடிந்தது. இவர்களிடம் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்ல ஒரு தொலைபேசி அழைப்பு போதும். காரணத்தைத் தாளில் எழுதவும் மாட்டார்கள்.

மாணவிகளுக்கு நான் சொல்வது இதுதான். அந்தரங்கப் படம் எடுக்கச் சம்மதித்தது, அதைப் பிறருக்கு அனுப்பச் சம்மதித்தது ஆகாது. 2013 முதல் சட்டமே அப்படிச் சொல்கிறது, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவாக. வேலையை விடச் சொன்னால் உடனே ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நாளை நீங்களே ஒரு துறைக்குத் தலைவியாகி, அந்தக் கடிதம் உங்கள் மேசைக்கு வந்தால், அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு விளக்கம் கேட்காதீர்கள். அவள் வகுப்புக்கு நேரத்துக்கு வருகிறாளா, பாடம் ஒழுங்காக நடத்துகிறாளா என்பது மட்டுமே உங்களுக்குத் தெரிய வேண்டியது.