ரேக்கை நிரப்புற ஆள் எங்கிருந்து வந்தார்?

இன்னைக்கு கதையை ஒரு தயிர் கப்புல இருந்து ஆரம்பிக்கிறேன்.

காலேஜ் முடிச்ச வருஷம் சென்னையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சில மாசம் வேலை பார்த்தேன். முதல் நாள் காலையில் வேன்ல வந்த தயிர் கப்பை எல்லாம் ஃப்ரிட்ஜ் ரேக்கில் வரிசையா அடுக்கிட்டு, நானே மெச்சிக்கிட்டு நின்னேன். அந்த செக்‌ஷனைப் பார்த்துக்கிட்ட அக்கா வந்தாங்க. “தம்பி, புதுசை முன்னால வச்சுட்டா பின்னால இருக்கிற பழசை யார் தலையில கட்டுறது? எல்லாத்தையும் எடு”ன்னாங்க.

எடுத்தேன். பழசு முன்னால, புதுசு பின்னால. லேபிள் வாங்க வர்றவங்களைப் பார்த்து இருக்கணும். ஒரு கப் போனா அடுத்ததை இழுத்து ரேக்கோட விளிம்புக்குக் கொண்டுவரணும். எண்ணெய் டின் மாதிரி கனமானது கீழ்த்தட்டு. சீக்கிரம் விக்க வேண்டியது கண் மட்டம். இவ்வளவுதான் பாடம். ஆனா அது ஒரு நாளும் முடியாது. கடைசி வரிசையை நிரப்பும்போது முதல் வரிசை காலியாகியிருக்கும்.

அப்போ எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. எங்க தெரு அண்ணாச்சி கடையில இப்படி ஒரு வேலையே கிடையாதே? நாம சீட்டை நீட்டுவோம். அவர் எடுத்து, நிறுத்து, பொட்டலம் கட்டிக் கொடுப்பார். எது எங்கே இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சா போதும். நமக்குத் தெரிய வேண்டியதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மளிகைக் கடைகளும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தன. நடுவில் ஒரு கவுன்ட்டர், அதற்குப் பின்னால் பொருட்கள், எடுத்துத் தர சிப்பந்திகள். இதை மாற்றியவர் கிளாரன்ஸ் சாண்டர்ஸ். 1916 செப்டம்பரில் டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில், ஜெஃபர்சன் அவென்யூவில், ‘பிக்லி விக்லி’ங்கிற கடையைத் திறந்தார்.

உள்ளே போக ஒரு சுழல் கதவு. கையில ஒரு கூடை. எல்லா அலமாரியையும் கடந்து போற மாதிரி ஒரே பாதை. ஒவ்வொரு பொருளுக்கும் விலைச் சீட்டு. கடைசியில காசு கட்டிட்டு வெளியே வரணும். இந்த அமைப்புக்கு அவர் 1917-ல் காப்புரிமையே வாங்கினார். ஆட்களைக் குறைத்தால் செலவு குறையும், விலையையும் குறைக்கலாம் என்பதுதான் கணக்கு.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். கடைச் சிப்பந்தி போயிட்டார், ஆனா அவர் செஞ்ச வேலை போகலை. அது மூணாப் பிரிஞ்சது. நடந்துபோய் எடுக்கிற வேலை வாங்க வர்றவங்க தலையில விழுந்தது, அதுவும் சம்பளம் இல்லாம. காசு வாங்குற வேலை வாசலில் இருந்த கேஷியருக்குப் போச்சு. ‘இது நல்லா இருக்கும், வாங்கிட்டுப் போங்க’ன்னு சொல்ற வேலையை அலமாரியும் பாக்கெட்டும் எடுத்துக்கிச்சு. அலமாரி பேசணும்னா அது எப்பவும் நிறைஞ்சு, நேரா இருக்கணும். அதைப் பார்த்துக்கத்தான் ரேக்கை நிரப்புற ஆள் வந்தார்.

சாண்டர்ஸோட கதை அதோட முடியலை. பங்குச் சந்தையில் வால் ஸ்ட்ரீட்காரர்களோடு மோதி, 1923-ல் தன் கம்பெனியையே இழந்தார். 1937-ல் ‘கீடூசில்’னு இன்னொரு கடை போட்டார். பொருளெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால இருக்கும். ஒரு சாவியைச் செருகித் தேர்ந்தெடுத்தா, பின்னால இருந்து கன்வேயர் பெல்ட்ல பொருள் வந்து சேரும். கடைக்குள்ள ஆளே கண்ணில் படக் கூடாதுங்கிற கனவு அது. இயந்திரம் அடிக்கடி மக்கர் பண்ணிச்சு. 1940-கள் முடியறதுக்குள்ள அந்த முயற்சியும் கைவிடப்பட்டது.

1974 ஜூன் 26-ல் ஒஹாயோ மாநிலத்தின் டிராய் நகரில், ஒரு சூயிங்கம் பாக்கெட்டின் பார்கோடு முதன்முதலா ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஸ்கேன் செய்யப்பட்டது. கேஷியர் வேலை சுலபமாச்சு. பொருளுக்குப் பொருள் விலை ஒட்டுற வேலையும் மெல்லக் குறைஞ்சது. ஆனா பழசை முன்னால இழுக்கிறது இன்னமும் கைதான்.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லணும். அண்ணாச்சிக்குக் கல்லாப் பக்கத்துல ஒரு ஸ்டூல் உண்டு. ரேக் நடுவுல நிக்கிறவருக்கு அது கிடையாது. எங்க கடையில உட்கார்ந்தா திட்டுதான் விழும். சாயங்காலம் ஆனா அந்த அக்கா ஒரு காலை மாத்தி ஒரு காலில் நிப்பாங்க. கேரளத்தில் கோழிக்கோடு ஜவுளிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் பல வருஷம் போராடினாங்க. 2018-ல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021-ல், 1947-ஆம் வருஷத்து கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வசதி கொடுத்தாகணும்னு அது சொல்லுது. சுய சேவைக் கடை பிறந்து நூறு வருஷத்துக்கு அப்புறம்தான், அதைத் தாங்குற ஆளுக்கு ஒரு நாற்காலி சட்டத்துல வந்திருக்கு.

அடுத்த முறை கடைக்குப் போனா ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, அங்கே நாற்காலி இருக்கா? ரெண்டாவது, புதுசு வேணும்னு நாம பின்னாலதான் கையை விடுவோம், நானும்தான். எடுத்தப்புறம் கலைஞ்ச வரிசையைக் கொஞ்சம் நேராக்கிட்டு வாங்க.