ரோலரின் வேகத்தை யார் கணக்குப் பார்த்தது?

ஊவாத் தேயிலை வரலாறு என்றால் 1890இல் லிப்டன் வந்தார், தம்பேதன்னத் தோட்டத்தை வாங்கினார் என்றுதான் ஆரம்பிக்கும். கொழுந்து அரைக்கும் ரோலருக்கும் ஒரு பெயர் உண்டு: 1870களில் அசாமில் அதை ஓட்டிக்காட்டிய வில்லியம் ஜாக்சன். ஆனால் ரோலரைச் சுற்றும் விசை இஸ்டோருக்கு இஸ்டோர் வேறு. ஓரிடத்தில் தண்ணிச் சக்கரம், இன்னோரிடத்தில் ஸ்டீம், பிறகு டீசல். அதனால் வேகக் கணக்கை அங்கங்கேதான் போடணும்.

எங்கள் தாத்தா பசறைப் பக்க இஸ்டோர் ஒன்றில் பெல்ட் பார்த்தவர். அவர் சொல்லித்தந்த மாதிரியே சொல்கிறேன். என்ஜின் நிமிடத்துக்கு 400 சுற்று, ரோலருக்கு வேண்டியது 45 அளவில். என்ஜினின் 15 அங்குலக் கப்பியிலிருந்து கூரையடி ஷாப்டின் 30 அங்குலக் கப்பிக்கு பெல்ட்: வேகம் பாதி. அதே ஷாப்டின் 18இலிருந்து ரோலரின் 36க்கு: மறுபடி பாதி. ரோலருக்கு அடியில் 20 பல், 45 பல்லைச் சுற்றும்: 2.25. கூட்டக்கூடாது, பெருக்கணும். 2 × 2 × 2.25 = 9. 400ஐ வகுத்தால் 44 சொச்சம். இதைக் கூட்டி 6.25 என்று வைத்துக் கப்பி மாற்றினால் எல்லாம் பிசகும். வேகம் கூடினால் கொழுந்து சூடேறும், தேத்தண்ணியில் மணமிருக்காது.

செக்ரோலில் தாத்தா வெறும் 'லேபர்'. கணக்கைச் சுவரில் சாக்கட்டியால் எழுதுவாராம். வருசா வருசம் வெள்ளையடிப்பார்கள்.